வேண்டிக்கொண்டவள் அவள், நடந்தவன் நான்

காசியிலிருந்து காஞ்சிபுரம் வரை நடந்தே வந்தவன் நான் என்று சொன்னால் இன்று பாதிப் பேர் நம்புவதில்லை. மீதிப் பேர், எதற்காக நடந்தீர்கள் என்று கேட்கிறார்கள். இரண்டாவது வகையினர்தான் தொல்லை. நம்பாதவர்களுக்குப் பதில் சொல்லவேண்டிய அவசியமே இல்லை.

அறுபதுகளின் நடுவில் எனக்கு டைபாய்டு வந்தது. அப்போது ஒரு பட்டுக்கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். காய்ச்சல் இறங்காமல் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது என் மனைவி காமாட்சியம்மன் கோயிலுக்குப் போய் வேண்டிக்கொண்டாள். நான் பிழைத்தேன். நான் மாத்திரையால் பிழைத்ததாக டாக்டர் சொன்னார். இருக்கலாம். ஆனால் மாத்திரை பதிலுக்கு எதுவும் கேட்கவில்லை. அம்மனுக்கு என்ன வாக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது என்பது, கஞ்சியிலிருந்து ரசம் சோற்றுக்கு நான் முன்னேறிய அன்றுதான் எனக்குத் தெரிவிக்கப்பட்டது.

"நீங்க பொழச்சா, காசியிலிருந்து நடந்தே வந்து அம்மன் எதிர்ல நிப்பீங்கன்னு சொல்லிட்டேன்."

ரசம் புரையேறியது. "யார், நானா?"

"பின்ன நானா? காய்ச்சல் யாருக்கு வந்துது?"

"மொட்டை போடுவதாக வேண்டிக்கொண்டிருக்கலாமே."

"அதான் மொதல்ல நெனச்சேன். உங்க தலையில குடுக்கறதுக்கு இன்னா இருக்குது?"

"நூற்றெட்டுத் தேங்காய்?"

"சின்னதா குடுத்தா சின்னதாத்தான் செய்வா. அன்னிக்கு உங்க நெலமை சின்னதாவா இருந்துது?"

இதற்கு மேல் வாதிக்க உடம்பில் தெம்பில்லை. ஒரு வருஷம் தள்ளிப்போட்டேன். முதலில் மழைக்காலம், பிறகு தீபாவளி வியாபாரம், பிறகு கடைவாய்ப் பல். அந்த வருஷம் வீட்டில் என்ன கெட்டது நடந்தாலும் அது வேண்டுதலை நிறைவேற்றாததால்தான். பால் திரிந்தால் அதனால். கூரை ஒழுகினால் அதனால். தேள் வந்தால் அதனால். எண்ணிக்கொண்டே வந்தேன். பதினாலாவதாக எதிர்வீட்டுக்காரியின் தையல் மிஷின் ஊசி உடைந்து, அதற்கும் நான் பொறுப்பு என்று ஆனபோது புறப்பட்டுவிட்டேன்.

போகும்போது ரயில். வரும்போதுதான் நடை. சட்டதிட்டங்களை மனைவி வகுத்தாள். சக்கரம் உள்ள எதிலும் ஏறக்கூடாது. நாலு கால் உள்ள எதன் மேலும் ஏறக்கூடாது. பாலம் இருந்தால் பாலத்தில் நடக்கலாம். பாலம் இல்லையென்றால்?

"படகுல போங்க. ஆனா உக்காரக் கூடாது. நின்னுக்கினே வரணும்."

நான் ஏமாற்றாமல் பார்த்துக்கொள்ளத் தன் தம்பியையும் கூட அனுப்பினாள். அவனுக்கு அப்போது இருபத்தைந்து வயது. வேலை தேடிக்கொண்டிருந்தான், அதாவது தேடிக்கொண்டிருந்ததாகச் சொன்னான். வேண்டுதலில் அவன் பெயர் இல்லாததால் அவன் நடக்கவேண்டியதில்லை. எனவே என் படுக்கையையும் பாத்திரத்தையும் எடுத்துக்கொண்டு அடுத்த ஊருக்கு பஸ்ஸில் போய்விடுவான். சத்திரத்தில் இடம் பிடித்து, சாப்பிட்டு, தூங்கி, எழுந்து, எனக்காகக் காத்திருப்பான். என்னைக் கண்காணிக்க வந்தவன் என்னைப் பார்த்தது சாப்பாட்டு வேளைகளில் மட்டும். ரேவா, ஜபல்பூர், நாக்பூர், ஹைதராபாத், கர்நூல் என்று நான் இளைத்துக்கொண்டே வந்தேன், அவன் பூரித்துக்கொண்டே வந்தான். என் இடுப்பு பெல்ட்டில் மூன்று புது ஓட்டைகள் போடவேண்டியிருந்தது. அவன் சட்டையில் இரண்டு பொத்தான்கள் தெறித்தன.

வழியில் என்னை ஏறிக்கொள்ளச் சொன்ன லாரிகள் நாற்பத்தொன்று. மாட்டுவண்டிகளை எண்ணுவதை நாக்பூரோடு விட்டுவிட்டேன். வடக்கே லாரிக்காரர்கள் கதவைத் திறந்து, "பைட்டோ, பைட்டோ" என்பார்கள். நான் கைகூப்பி மறுப்பேன். நான் ஏதோ கோபத்தில் இருப்பதாக நினைத்து அவர்கள் இன்னும் கெஞ்சுவார்கள். ஆந்திராவில் ஓர் ஆற்றில் வெள்ளம் வந்து தரைப்பாலம் போய்விட்டிருந்தது. படகில் நான் மட்டும் நின்றேன். படகுக்காரன் தெலுங்கில் உட்காரச் சொன்னான், பிறகு திட்டினான், பிறகு அழுதான் என்றே சொல்லவேண்டும். படகிலிருந்த ஆறு பேரும் என் வேட்டியைப் பிடித்துக்கொண்டார்கள். கரை சேர்ந்தபோது நின்றபடிதான் இருந்தேன், வேட்டி நிற்கவில்லை.

இதையெல்லாம் தாண்டி, ராணிப்பேட்டையிலிருந்து வீட்டுக்குக் கார்டு போட்டேன். இன்ன நாள் காலையில் முசரவாக்கம், நண்பகலுக்குள் கோயில் என்று. அந்தக் கார்டை என் மனைவி படித்துவிட்டுப் பேசாமல் வைத்திருக்கலாம். கடை முதலாளியிடம் காட்டிவிட்டாள்.

முதலாளி நல்ல மனிதர். சம்பளம் பிடிக்காமல் லீவு கொடுத்தவர். அந்த வருஷம் நகராட்சித் தேர்தலில் நிற்கலாமா என்ற யோசனையில் இருந்தார். முசரவாக்கத்தில் சாலையோரப் புளியமரத்தடியில் அவர் நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் பேண்டு வாத்தியக்காரர்கள் எட்டுப் பேர். என் மச்சினன், வழக்கம்போல முன்னாடியே பஸ்ஸில் வந்து, இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தான். நடுவில் மூடியில்லாத ஒரு பெரிய கார், சாமந்திப்பூ போர்த்திக்கொண்டு நின்றது. ஊரில் மாப்பிள்ளை அழைப்புக்கெல்லாம் வருகிற கார் அதுதான். இரண்டு பக்கமும் கடையின் பெயர் எழுதிய துணி கட்டியிருந்தது.

முதலாளி மாலையோடு வந்தார். "ஏறுய்யா கணக்குப்பிள்ளை! ஊரே காத்துக்கினு இருக்குது."

"ஏறக்கூடாதுங்களே."

"காசியிலிருந்து நடந்துட்டே. இந்த ஆறு மைல்ல இன்னா வந்துச்சு?"

"இந்த ஆறு மைலும் காசியிலிருந்துதானுங்களே வருது."

முதலாளிக்கு முகம் சுருங்கியது. வழியில் மூன்று வளைவு கட்டியிருப்பதையும், நீர்மோர் பந்தல் போட்டிருப்பதையும், சத்திரத்தில் இருநூறு பேருக்குச் சாப்பாடு ஆகிக்கொண்டிருப்பதையும் சொன்னார். காரின் டிரைவர் ஒலிமுகமதுபேட்டை பாய் ஒருவர். அவர் ஸ்டியரிங்கில் கையை வைத்துக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"முப்பது வருஷமா மாப்பிள்ளைங்களை ஏத்திக்கினு போறேன் சார். அழுத மாப்பிள்ளைய பாத்திருக்கேன். ஓடிப்போன மாப்பிள்ளைய பாத்திருக்கேன். கார்ல ஏறமாட்டேன்னு சொன்ன மொத மாப்பிள்ளை நீங்கதான்."

எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. காலில் கொப்புளம் உடைந்திருந்தது, அந்தக் காரின் மெத்தை சிவப்பு வெல்வெட், நானும் மனிதன்தான். ஏறியிருந்தால் மனைவிக்குத் தெரியாமல் போகாது. ஊரே பார்க்க ஏறுகிற கார். ஏறிவிட்டு அவள் எதிரில் போய் நின்றால், அவள் என்னைத் திரும்பவும் ரயிலேற்றி அனுப்புவாள் என்பதில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை. அவளே ஒருவேளை விட்டாலும் அடுத்த முறை பால் திரியும்போது நான் எங்கே போய் நிற்பது?

கடைசியில் ஓர் ஏற்பாடு ஆயிற்று. கார் முன்னால் ஊர்ந்து போகும். நான் பின்னால் நடப்பேன்.

"காலி சீட்டோட போனா நல்லாவா இருக்கும்?" என்றான் மச்சினன், கையைத் துடைத்தபடி. "நான் சும்மா உக்காந்துக்கினு வரேன் மாமா."

உட்கார்ந்தான். முதலாளி கையில் வீணாகிக்கொண்டிருந்த மாலை அவன் கழுத்துக்குப் போயிற்று.

ஊர் எல்லையிலேயே வினை ஆரம்பித்தது. காசியிலிருந்து வந்தவரைப் பார்க்கக் கூடியிருந்தவர்கள், பூப்போட்ட காரில் மாலையோடு ஒருவன் உட்கார்ந்திருந்தால் யார் என்று நினைப்பார்கள்? முதல் வளைவில் அவனுக்கு ஆரத்தி எடுத்தார்கள். இரண்டாவது வளைவில் காரை நிறுத்தி, தாம்பாளத்தில் அவன் பாதங்களை வைத்து மஞ்சள் நீரால் கழுவினார்கள். ஒரு கிழவி அந்தப் பாதத்தைத் தடவிப் பார்த்துவிட்டுக் கத்தினாள்.

"காலைப் பாத்தியாடி! அம்மாந்தூரம் நடந்தும் ஒரு வெடிப்பு இல்ல. பன்னு மாதிரி இருக்குது. அம்மா தாயே, உன் சக்தியே சக்தி!"

நான்கு பெண்கள் அந்தத் தண்ணீரைத் தலையில் தெளித்துக்கொண்டார்கள். மச்சினன் கண்ணை மூடிக்கொண்டான். வெட்கத்தாலா பக்தியாலா என்று இன்றுவரை தெரியாது. அவன் கழுத்தில் அப்போது மாலைகள் ஒன்பது.

தாடியும் அழுக்கு வேட்டியுமாய்ப் பின்னால் நொண்டிக்கொண்டு வந்த என்னை ஒரு தொண்டன், "ஓரமா வா பெரியவரே, சாமி வருது" என்று ஒதுக்கிவிட்டான். எனக்கு அப்போது முப்பத்தொன்பது வயது. நீர்மோர்ப் பந்தலில் ஒரு டம்ளர் குடித்துவிட்டு இன்னொன்று கேட்டேன். "ஒரு ஆளுக்கு ஒண்ணுதான்பா. காசியிலிருந்து வந்தவரே இன்னும் குடிக்கல" என்றார்கள்.

எனக்கு இதில் வருத்தம் இல்லை. சொன்னால் யாரும் நம்புவதில்லை. உண்மையில் நிம்மதியாக இருந்தது. மாலை அவனுக்கு, தெரு எனக்கு. கோயில் உச்சிவேளைக்குப் பிறகு சாத்திவிடுவார்கள், அதற்குள் போய்ச் சேரவேண்டும் என்பது ஒன்றுதான் என் கவலை. ஆனால் மூன்றாவது வளைவில் என் மச்சினனுக்கு மனசாட்சி விழித்துக்கொண்டது. இத்தனை தூரம் தூங்கியது இன்னும் கொஞ்சம் தூங்கியிருக்கலாம். அங்கே பிள்ளையார்பாளையத்திலிருந்து தறி நெய்கிற இளைஞர்கள் கூட்டமாக வந்திருந்தார்கள். அவர்கள் ஒரு மாலையோடு நெருங்கியதும் இவன் காரில் எழுந்து நின்று கூவினான்.

"நான் இல்லபா! நான் பஸ்ல வந்தேன்! அதோ, அவருதான் எங்க மாமா!"

அத்தனை தலைகளும் என் பக்கம் திரும்பின. பிறகு அத்தனை பேரும் என் மேல் பாய்ந்தார்கள். கைகள் அக்குளில், முழங்காலுக்குக் கீழே, முதுகில். என் கால் தரையைவிட்டு எழும்பியது. நான் தோள்கள் மேல் இருந்தேன்.

"இறக்குங்கப்பா! ஐயோ, இறக்குங்க!"

"கூச்சப்படாத தலைவா!"

"கூச்சமில்லடா, வேண்டுதல்!"

பேண்டு அந்த நேரம் பார்த்து உரத்து வாசித்தது. என் கத்தலை உற்சாகம் என்று எடுத்துக்கொண்டார்கள். நான் கத்தக் கத்த இன்னும் வேகமாக ஓடினார்கள். கடந்துபோன வீடுகளை எண்ணிக்கொண்டு வந்தேன், வேறென்ன செய்ய? பத்தொன்பதாவது வீட்டில், பாய் காரைத் தெருவுக்குக் குறுக்கே திருப்பி நிறுத்தி, மாப்பிள்ளை ஊர்வலத்து ஹாரனை விடாமல் அழுத்தினார். பேண்டு நின்றது. சீட்டின் மேல் ஏறி நின்றார் அவர்.

"எறக்குங்கடா அந்த ஆளை! கார்லேயே ஏறாத மனுசன், உங்க தோள்ல ஏறுவாரா?"

இறக்கினார்கள். நான் யாரிடமும் எதுவும் சொல்லாமல் திரும்பி, வந்த வழியே நடந்தேன். பத்தொன்பது வீடுகளும் திரும்ப நடக்கவேண்டியவை. பின்னாலிருந்து பேச்சு கேட்டது.

"இன்னாபா, எதிர்ப்பக்கமா போறாரு?"

"எதையாவது காசியிலேயே வுட்டுட்டாரா?"

"கோச்சுக்கினாரு போல. மறுபடியும் காசிக்கேதான் போறாரு."

"யோவ், யாராவது கூப்புடுங்கய்யா! சாப்பாடெல்லாம் ஆறுதுய்யா!" என்றது முதலாளியின் குரல்.

என்னைத் தூக்கிய இடத்தில் ஒரு சைக்கிள் கடை இருந்தது. அதன் வாசலைத் தொட்டுவிட்டுத் திரும்பினேன். பாய் காரை என் பின்னால் ஊர்ந்து வரவிட்டு, கிட்டே வந்தவர்களையெல்லாம் விரட்டினார். இந்த முறை பத்தொன்பது வீட்டையும் என் காலே கடந்தது. ஆனால் நான் கோயில் வாசலை அடைந்தபோது கதவு சாத்திவிட்டிருந்தார்கள். இனி நாலு மணிக்குத்தான்.

முதலாளி சத்திரத்தில் இலை போட்டாகிவிட்டது என்றார். இருநூறு பேர் போனார்கள். மாலைகளை என்ன செய்வது என்று தெரியாமல் மச்சினனும் போனான்.

என் மனைவி கோபுர நிழலில் தேங்காய்ப் பழத் தட்டோடு காலையிலிருந்து உட்கார்ந்திருந்தாள். இத்தனை மாதம் கழித்துப் பார்க்கிறவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. காலைப் பார்த்தாள்.

"எதுலயும் ஏறலையே?"

"தூக்கிவிட்டார்கள்."

அவள் முகம் வெளுத்தது. "யாரு? எங்க?"

சொன்னேன். திரும்பிப் போனதையும், சைக்கிள் கடை வாசலைத் தொட்டதையும் சொன்னேன். அவள் உதட்டுக்குள் ஏதோ கணக்குப் போட்டுப் பார்த்தாள். பிறகு முந்தானையால் என் காலிலிருந்த மண்ணைத் துடைத்துவிட்டாள். நடுத்தெருவில், பகலில், அவள் என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

"எளைச்சிட்டீங்க" என்றாள். "என் தம்பி எப்படி இருக்கான்?"

"இளைக்கவில்லை."

பசித்தது. வீடு இரண்டு தெரு தள்ளி. அம்மனைப் பார்க்காமல் வீட்டு வாசல் மிதிக்கக்கூடாது என்று சொல்லிவிட்டாள். கல்லில் சாய்ந்து தூங்கிப்போனேன். கோயில் திறந்ததும் அவள்தான் உலுக்கி எழுப்பினாள். உள்ளே கூட்டமில்லை, பேண்டு இல்லை. நான் அம்மன் எதிரில் போய் நின்றேன். வழியெல்லாம் இந்த இடத்தில் என்ன சொல்லவேண்டும் என்று யோசித்து வைத்திருந்தது ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. பக்கத்தில் அவள் கன்னத்தில் போட்டுக்கொண்டு, அம்மனிடம் சத்தமாகவே சொன்னாள்.

"இதோ, கொண்டாந்துட்டேன்."

திருத்தவில்லை. கொண்டுவந்தது அவள்தான் என்பதை ஜபல்பூர் பக்கத்திலேயே நான் ஒப்புக்கொண்டாயிற்று.

வெளியே வந்தோம். ராஜ வீதி முனையில் ஒரு சைக்கிள் ரிக்‌ஷா நின்றது. நான் நேராகப் போய் ஏறி உட்கார்ந்தேன். மனைவியும் தட்டோடு ஏறினாள். தெருப் பெயரைச் சொன்னேன்.

ரிக்‌ஷாக்காரன் யோக்கியமானவன். "அந்தத் தெருவா? இதோ இருக்குது சார். ரெண்டு நிமிசத்துல நடந்தே போயிடலாமே, இதுக்கு எதுக்கு வண்டி?"

என் மனைவி சிரிக்க ஆரம்பித்தாள். தட்டிலிருந்த தேங்காய் மூடி உருண்டு விழுகிற அளவுக்குச் சிரித்தாள். நான் மூடியை எடுத்து அவள் மடியில் வைத்துவிட்டு, நாலு ராஜ வீதியையும் சுற்றிக்கொண்டு போகச் சொன்னேன். சுற்றி முடித்ததும் இன்னொரு தடவை சுற்றச் சொன்னேன்.