என் பக்கம் சாய்ந்த வரிசை

முதலில் சாய்ந்தது தேயிலைக் கொழுந்து வெட்டும் இயந்திரம். செடி வரிசைக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் மச்சான் சேகர், என் மனைவியின் தம்பி. இருவரும் ஒரே உயரத்தில் தூக்கி, ஒரே நடையில் ஏற வேண்டும். ஒரு பக்கம் தாழ்ந்தால் கத்தி கொழுந்தை விட்டுவிட்டு முற்றிய கிளையைத் தின்னும்.

அன்று காலை, பனி விலகாத சரிவில், தின்றது.

“ஏன்டா ஒம் பக்கம் தூக்குற?”

“நான் எங்க மாமா தூக்குறேன்? நீங்கதான் எறக்குறீங்க லா.”

“காலையிலயே தண்ணியா?”

பக்கத்து வரிசையில் சிரித்தார்கள். மாரியம்மன் முன்னால் காப்புக் கட்டிக் குடியை விட்டு அவனுக்கு ஒரு வருடமாகியிருந்தது. இயந்திரத்தை இறக்கி வைத்தான். என்னை ஒருமுறை பார்த்தான். சரிவில் இறங்கிப் போனான்.

மற்றவர்கள் லோரி ஏறி அடுத்த சரிவுக்குப் போனார்கள். நான் வீம்பாகச் செடிகளுக்கிடையில் உட்கார்ந்தேன். உட்கார்ந்திருப்பதாகவே நினைத்துக்கொண்டு விழுந்து கிடந்தேன். கோபத்தில் வீட்டுக்குப் போயிருப்பேன் என்று எண்ணினார்களாம். மதியம்தான் மனைவி தேடி வந்தாள்.

பக்கவாதம் (மூளையின் ஒரு பகுதிக்கு இரத்தம் போவது நின்றுவிடுவது) என்றார் டாக்டர். “கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா நல்லா இருந்திருக்கும்.”

மூன்றாம் நாள், படுக்கையில் என் இடப்பக்கத்தில் யாருடைய கையோ கிடந்தது. கனமாக, ஈரமாக.

“ஒந் தம்பி கை இது. எடுத்துட்டுப் போகச் சொல்லு.”

“அது ஒங்க கைதாங்க,” என்றாள் மனைவி. பிறகு வராந்தாவுக்குப் போய் அழுதாள்.

இதற்கு ஒருபக்கப் புறக்கணிப்பு (உடலின் பாதியை மூளை தன்னுடையதாக ஏற்காதது) என்று பெயர். உடற்பயிற்சி தர வந்த பெண் சொன்னாள்: “அங்கிள், தெனமும் அந்தக் கையத் தடவி, ‘இது என்னுது’ன்னு சொல்லுங்க. வாய்ல மட்டும் சொன்னா பத்தாது லா.”

விரல்கள் மெல்ல அசைந்தன. சாமி படத்தின் முன்னால் கூப்ப முடிந்தது. ஆனாலும் அது என்னுடையதாகவில்லை. சேகர் தேயிலையை விட்டு, மலையில் வேறோர் ஊரான கியா பார்மில் காய்கறித் தோட்ட வேலைக்குப் போய்விட்டான்; என்னைப் பார்க்க வரவே இல்லை. அவன்மேல் எறிந்த அந்த ஒரு சொல் சரியாகாமல் கை மட்டும் தனியாக எப்படித் தேறும்? இதைப் படிக்கிற உங்களுக்கும் வைத்தியர் எழுதிக் கொடுக்காத ஒரு மருந்து பாக்கி இருக்கலாம்.

ஐந்து மாதம் கழித்து, மனைவியோடு பஸ் ஏறிப் போனேன். அவன் முட்டைக்கோஸ் அடுக்கிக்கொண்டிருந்தான்.

“சாஞ்சது என் பக்கந்தான்டா.”

நிமிரவில்லை அவன். “அன்னைக்கே தெரியும் மாமா. ஒங்க வாயி கோணுனத பாத்தேன். கோவத்துல சொல்லாமப் போய்ட்டேன். எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு வர்றது?”

மன்னிப்புக் கேட்கப் போன நான், மன்னிக்கவும் வேண்டியவனாகி நின்றேன். அவன் என் இடது கையைப் பிடித்தான். பிடி எனக்கு வலித்தது. வலித்தது என் கை.

இப்போது ஞாயிறுதோறும் வருகிறான். ஒரு மூங்கில் கழியின் இரு முனையைப் பிடித்துக்கொண்டு, அந்த வரிசையின் இருபுறமும் நடக்கிறோம். செடி தளிர்த்துவிட்டது, என் பக்கம் மட்டும் இன்னும் ஒரு சாண் தாழ்வு.

காலையில் கண் விழித்ததும் கையைத் தடவி, என்னுடையது என்கிறேன். அது பதிலுக்கு அசைவதற்குள் ஒரு கணம். அந்தக் கணத்தில், பனிக்குள் ஒருவன் சரிவில் இறங்கிப் போகிற காலடி கேட்கிறது. நான் இன்னும் அந்தச் செடிகளுக்கிடையில் உட்கார்ந்திருப்பதாகவே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.