இன்னாசியின் வலது கால்

காரைக்குடியில கார் ஓட்டுறவங்கள்ல பாதிப் பேரு இன்னாசிகிட்ட வசவு வாங்கிப் படிச்சவங்கதான். ஒரு பழைய மாருதி, ஒரு மேசை, செவுத்துல மாதா படம். அம்புட்டுதான் அவரோட டிரைவிங் ஸ்கூல். ஒக்கூர்ல பொறந்து, பதினெட்டு வயசுல லாரியில கிளீனராத் தொத்தி, இருவது வருசம் லாரி ஓட்டி, அப்புறம் அடுத்தவங்களுக்குக் கத்துக்குடுக்க வந்த மனுசன். லாரியை விட்டுட்டாரு, லாரிக்காரன் வாயை மட்டும் விடலை. "கியரு அது, அகப்பை இல்ல"ம்பாரு. "பிரேக்கை மிதின்னா தடவிக் குடுக்கிறியே, அது என்ன பூனையா"ம்பாரு. டாக்டரா இருந்தாலும் சரி, வக்கீலா இருந்தாலும் சரி, அந்த வண்டியில கண்ணைத் துடைக்காம இறங்கினவங்க கம்மி.

இப்பேர்ப்பட்ட ஆளுக்கு வருசத்துல ஒரு நாள் பவுசு உண்டு. ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழக்கிழமை சாயங்காலம் மாதா கோயில்ல பாதம் கழுவுற சடங்கு. ஆண்டவர் சீடர்கள் பன்னெண்டு பேரு காலைக் கழுவினதை நினைச்சு, சாமியாரு பன்னெண்டு பேரை வரிசையா உக்கார வச்சு, மண்டி போட்டு, ஆளுக்கு வலது காலைக் கழுவித் துடைச்சு முத்தம் குடுப்பாரு. தாழ்ச்சின்னா என்னன்னு காட்டுறதுக்கு வந்த சடங்கு. நம்ம ஆளுக அந்த நாற்காலிக்குப் போடுற போட்டியைப் பாத்தா ஆண்டவரே செம்பைக் கவுத்து வச்சுட்டுப் போயிருவாரு. அழுக்குக் காலோட ஒருத்தன் வரமாட்டான். ஒரு வாரத்துக்கு முன்னாடியே வெந்நியில ஊறப்போட்டு, கல்லால தேச்சு, நகம் வெட்டி, எண்ணெய் போட்டு வருவாங்க. சாமியாரு கழுவுறதுக்கு அங்க ஒண்ணும் மிச்சம் இருக்காது.

முதல் நாற்காலி, சீடர்கள்ல முதல் ஆளான பேதுருவுக்கு. பதினெட்டு வருசமா அது இன்னாசியோடது. பேதுருதான் காலை உள்ள இழுத்துக்கிட்டு, நீங்க போயி என் காலைக் கழுவுறதாவதுன்னு ஆண்டவரையே தடுத்தவரு. இன்னாசி அதை நடிச்சே காட்டுவாரு. செம்பு கிட்ட வந்ததும் வெடுக்குன்னு காலை இழுத்து, நெஞ்சுல கை வச்சு, கூரை மோட்டைப் பாத்து ஒரு பெருமூச்சு விடுவாரு. பொம்பளைக பக்கம் மூக்கை உறிஞ்சுற சத்தம் கேக்கும். அவரு சம்சாரம் மங்களமேரி மட்டும் முந்தானையால வாயைப் பொத்திச் சிரிப்பை அடக்கும்.

போன வருசம் புதுச் சாமியாரு வந்தாரு. பிரிட்டோ சாமி, முப்பத்தஞ்சு வயசு, மெல்லிசான பேச்சு. வந்த கொஞ்ச நாள்லயே ஒரு கூட்டத்துல இன்னாசி கோயில் பாட்டுக் குழுவை வைய, ஒரு பொண்ணு ஓன்னு அழுதுருச்சு. சாமியாரு அதை மனசுல வச்சுக்கிட்டாரு. இந்த வருசம், நாப்பது நாள் தவக்காலம் தொடங்குற சாம்பல் புதன் அன்னைக்கு இன்னாசி நெத்தியில சாம்பலைப் பூசிக்கிட்டே காதோட சொன்னாரு.

"இன்னாசியண்ணே, தவக்காலம் முடியிற வரைக்கும் ஒருத்தரையும் வையக் கூடாது. வையாம இருந்தா பேதுரு நாற்காலி உங்களுக்கு. இல்லைன்னா வேற ஆளு."

இன்னாசி விரலை விட்டுக் கணக்குப் பாத்தாரு. "ஞாயித்துக்கிழமை தவக்காலக் கணக்குல வராதுல்ல சாமி, அன்னைக்கு மட்டும் வைஞ்சுக்கவா?"

"வேணாம்ணே."

மறு வாரமே சோதனை வந்து சேந்துச்சு, நாகம்மை ஆச்சி ரூபத்துல. நாட்டரசன்கோட்டைக்காரக, ஐம்பத்தெட்டு வயசு. டிரைவர் சொல்லாம கொள்ளாம நின்னுட்டான், இனி எவனையும் எதிர்பாக்கப் போறதில்ல, நானே ஓட்டுறேன்னு கிளம்பி வந்தவுக. தெரிஞ்சவுகளைக் கண்டா நடு ரோட்டுல வண்டியை நிப்பாட்டி, மக கல்யாணம் எப்படி நடந்துச்சுன்னு விசாரிப்பாக. பின்னாடி பஸ்ஸுக்காரன் ஹாரன் அடிச்சா, "அவன் ஏன் மாஸ்டரு பறக்குறான்"னு இன்னாசியைக் கேப்பாக. கோவிலூர் ரோட்டுல மூணாவது கியரைப் போடச் சொன்னா, "ரெண்டே நல்லாத்தானே இருக்கு"ம்பாக. நல்லவேளை, டிரைவிங் ஸ்கூல் வண்டியில வாத்தியாரு பக்கமும் ஒரு பிரேக்கு உண்டு. இன்னாசியோட வலது காலு அது மேலேயேதான் இருக்கும். இருபத்து மூணு வருசத்துல அந்த வண்டி ஒரு ஆட்டுக்குட்டியைக்கூட உரசினதில்ல.

"நல்லதுங்க ஆச்சி, கிளட்சை மெதுவா விடுங்க"ன்னு சொல்லிச் சொல்லி, வாயில வந்ததை எல்லாம் முழுங்கி, மனுசனுக்கு வயித்தெரிச்சலே வந்துருச்சு. ஆளில்லாத நேரம் பானெட்டைத் திறந்து இஞ்சினை வைவாரு. சாமியாரு சொன்னது 'ஒருத்தரையும்'னுதானே, இஞ்சின் அந்தக் கணக்குல வராதுன்னு அவரே தீர்ப்பும் சொல்லிக்கிட்டாரு.

ஆச்சியைக்கூடப் பொறுத்துக்கலாம், சாமியாரைத்தான் பொறுக்க முடியலை. ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு வாசல்ல நின்னுக்கிட்டு, எல்லாரும் கேக்க, "இன்னாசியண்ணே, வாய் சௌக்கியமா"ன்னு விசாரிப்பாரு. பாட்டுக் குழுப் பிள்ளைக சிரிக்கும். இன்னாசியும் சேந்து சிரிப்பாரு. ராத்திரி சோறு இறங்காது.

பெரிய வியாழனும் வந்துச்சு. மூணு மணிக்குக் கோயில்ல ஒத்திகை. ஆச்சிக்கு அன்னைக்குப் பாடம் இருந்ததால, அப்படியே கோயிலுக்கு விடச் சொல்லி, அஞ்சு நிமிசத்துல வந்துர்றேன்னு இன்னாசி சொல்லியிருந்தாரு. கோயில் வளாகத்துல வேப்பமரத்தடியில சாமியாரோட வெள்ளைக் காரு, வாங்கி பத்து நாள்கூட ஆகலை, திருநாளுக்குக் கழுவித் துடைச்சு நின்னுச்சு. அது பக்கத்துல நிப்பாட்டலாம்னு ஆச்சி ரிவர்ஸ் போட்டாக. படியில நின்ன சாமியாரு கையைத் தூக்கி, "பொறுமை இன்னாசியண்ணே, பொறுமை"ன்னாரு. பிள்ளைக கொல்லுன்னு சிரிச்சுச்சு.

இன்னாசி கண்ணாடியில வெள்ளைக் காரைப் பாத்தாரு. காலு பிரேக்கு மேல இருந்துச்சு. மிதிக்கணும். மிதிக்கலை. ஒரே ஒரு நொடி. நாப்பது நாளா முழுங்கினது எல்லாம் அந்தக் காலுக்கு இறங்கி, அதை அசைய விடாமப் பிடிச்சுக்கிச்சு.

வெள்ளைக் காரோட கதவு நசுங்கிச் சப்பிப்போச்சு.

எதுக்கும் அசராத ஆச்சிக்கு முகம் செத்துப்போச்சு. "நான்தான் மாத்தி மிதிச்சுட்டேன் மாஸ்டரு. இந்த வயசுல எனக்கு எதுக்கு இந்த ஆசை. இனி ஓட்டலை"ன்னு ஸ்டியரிங்கிலேயே தலையைக் கவுத்துக்கிட்டு அழுதாக. உண்மையைச் சொன்னா நாற்காலி போயிரும். இன்னாசி நாலு பேருக்குக் கேக்குற மாதிரி, "பரவாயில்லைங்க ஆச்சி, மனுசங்கன்னா தப்புப் பண்றதுதானே"ன்னாரு. என்னா பொறுமைன்னு பாட்டுக் குழுவே அசந்துபோச்சு.

சாமியாரு வந்தாரு. கதவைப் பாத்தாரு. குனிஞ்சு மாருதிக்குள்ள இன்னாசியோட காலடியை ஒரு பார்வை பாத்தாரு. "தகரந்தானே ஆச்சி, தண்ணி குடிங்க"ன்னாரு. அப்புறம், "அண்ணே, ஆறு மணிக்கு வந்துருங்க"ன்னு சொல்லிட்டு உள்ள போயிட்டாரு.

ஆறு மணிக்கு இன்னாசி பேதுரு நாற்காலியில உக்காந்திருந்தாரு. புது வேட்டி, மங்களமேரி தேச்சுத் தேச்சுச் செவந்துபோன காலு. கடைசி வரிசையில நாகம்மை ஆச்சி. சாமியாருகிட்ட மன்னிப்புக் கேக்க வந்தவுக, பூசை முடியட்டும்னு தலையைக் குனிஞ்சு உக்காந்திருந்தாக. அதைப் பாத்த மாத்திரத்துல இன்னாசிக்கு உடம்பெல்லாம் கூசிப்போச்சு. சே, என்ன மனுசன் நான்னு இருந்துச்சு.

சாமியாரு மண்டி போட்டு வலது காலுக்குக் கை நீட்டினாரு. இன்னாசி காலை இழுத்துக்கிட்டாரு. நெஞ்சுல கை வைக்கலை, மோட்டைப் பாக்கலை. இந்த வருசம் நடிப்பு பிரமாதம்னு பின்னாடி ஒரு அம்மா கண்ணைத் துடைச்சுச்சு.

"வேணாம் சாமி"ன்னு இன்னாசி குனிஞ்சு மெதுவாச் சொன்னாரு. "பிரேக்கு இந்தக் காலுக்குக் கீழதான் இருந்துச்சு. தெரிஞ்சேதான் மிதிக்கலை. ஆச்சி மேல ஒரு தப்பும் இல்ல."

சாமியாரு நிமிரலை. "தெரியும்ணே. நானும் டிரைவிங் ஸ்கூல்லதான் ஓட்டப் படிச்சேன். உங்க பக்கமும் பிரேக்கு இருக்கும்னு எனக்குத் தெரியாதா?" செம்பை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டாரு. "மூணு மணியிலேர்ந்து உங்களை வையாம இருக்க நான் படுற பாடு எனக்குத்தான் தெரியும். காலை நீட்டுங்க. இன்னும் பதினோரு பேரு இருக்காங்க."

இன்னாசி நீட்டினாரு. ஆண்டவர் இந்தக் கழுவு கழுவியிருக்க மாட்டாரு. அடிப்பிடிச்ச சட்டியைத் தேய்க்கிற மாதிரி தேய்ச்சுத் தள்ளிட்டாரு சாமியாரு. துடைச்சாரு. முத்தமும் குடுத்தாரு.

பேதுரு பாதிச் சடங்குல எந்திரிச்சு நடந்தது அந்தக் கோயில்ல அதுதான் முதல் தடவை. ஈரக் காலோட கடைசி வரிசைக்குப் போயி, ஆச்சி முன்னாடி நின்னு, சுத்தி இருந்தவங்க கேக்கவே சொன்னாரு. "ஆச்சி, தப்பு என்னோடது. பிரேக்கை நான்தான் வேணும்னே மிதிக்கலை. நீங்க நல்லாத்தான் ஓட்டுனீக. சனிக்கிழமை பாடத்துக்கு வந்துருங்க."

ஆச்சி நிமிந்து பாத்தாக. "அப்ப, வேணும்னே என்னைய அழ விட்டுட்டு, இங்க வந்து காலையும் கழுவிக்கிட்டீகளாக்கும்"னு ஆரம்பிச்சாக. நிப்பாட்டலை. பன்னெண்டாவது ஆளு காலைத் துடைச்சு முடிக்கிற வரைக்கும், சத்தம் கூட்டாம, ஒரு மூச்சு விடாம வைஞ்சாக. இன்னாசி கையைக் கட்டிக்கிட்டு நின்னு அம்புட்டையும் கேட்டுக்கிட்டாரு. முழுங்குறதுக்கு அவரு வாயில அன்னைக்கு ஒரு வசவும் இல்ல.