'டு'வுக்குப் பின்னால் மாறாது

ஞாயிறு ஆங்கில வகுப்புக்கு வந்தவர்கள் வெல்டர் ஒருவர், பெயிண்டர் ஒருவர், துப்புரவு வேலை செய்யும் அக்கா, பிறகு நான். சிங்கப்பூரில், லிட்டில் இந்தியாவில் ஒரு கடை மாடியில் வகுப்பு நடந்தது.

வாத்தியார் ஒல்லியானவர். கழுத்துப் பட்டன்வரை போட்டிருப்பார். புத்தகம் திறக்க மாட்டார். வேலையில் நாங்கள் பேசும் சொற்களைத்தான் கேட்பார். அந்த ஊர் வழக்கப்படி பேச்சின் முடிவில் 'லா' சேர்ப்பார்.

மறுநாள் நான் வேலை செய்யும் கட்டுமான சைட்டில், வேலை தொடங்குமுன் கூடும் கூட்டத்தில், பாதுகாப்பு விதிகளை நான் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னால்தான் சூப்பர்வைசர் வேலை.

"தூக்குறதுக்கு லிஃப்ட்னு தெரியும் சார். லிஃப்ட்ஸா, லிஃப்டெட்டா, அங்கதான் குழம்புது" என்றேன்.

"முன்னாடி 'யூ நீட் டு' போடுங்க. அந்த 'டு'வுக்குப் பின்னாடி வர்ற சொல்லு மாறாது. லிஃப்ட்னா லிஃப்ட்தான் லா."

"அவ்வளவுதானா சார்?"

"சுலபமா இருக்குன்னு சண்டைக்கு வர்றாரு பாருங்க" என்று அக்கா சிரித்தார்.

மறுநாள் தடுமாறாமல் சொன்னேன். வேலை கிடைத்தது. அடுத்த ஞாயிறு வாத்தியாரிடம் போய் நின்றேன்.

"புரிஞ்சுதான்னு கேட்டேன் சார். கூட்டத்துல இருந்த நாப்பது பேரும் கை தூக்கினாங்க."

"புரியலன்னாலும் தூக்குவீங்க லா. திருப்பிக் கேள்வி கேட்டது எத்தனை பேரு?"

ஒருவரும் கேட்கவில்லை.

அதன்பின் தினமும் காலைக் கூட்டத்தில் கை தூக்கியவர்களை விட்டுவிட்டுக் கேள்வி கேட்டவர்களைத்தான் எண்ணுகிறேன். இன்று காலை மூன்று பேர்.