மஞ்சப் பையில் மூன்று பீஸ் கட்டை

1. வேலையில் சேர்ந்த அன்று

செஞ்சி கரண்ட் ஆபீசில் நான் ஹெல்ப்பராகச் சேர்ந்த அன்று, லைன் இன்ஸ்பெக்டர் சவரிமுத்து அண்ணன் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீ கம்பம் ஏறுவியா, கம்பம் உம்மேல ஏறுமா?" என்று கேட்டார். என் தொப்பை அப்போதே என்னைவிட சீனியர். சிரித்து மழுப்பினேன்.

அண்ணன் தினமும் காலைப் பூசை முடித்து நேராக ஆபீசுக்கு வருவார். கம்பத்தடியில் சிலுவை அடையாளம் வரைந்துகொண்ட பிறகுதான் கயிற்றைத் தொடுவார். ஞாயிற்றுக்கிழமையிலும் ஓய்வு கிடையாது. துணை இல்லாத கிழவிகள் வீட்டில் சுவிட்ச் போயிருந்தால், ஒயர் கருகியிருந்தால், கூலி வாங்காமல் பார்த்துக் கொடுப்பார். அவர்கள் கும்பிடுவது எந்தச் சாமி என்று ஒருநாளும் கேட்டதில்லை. அதற்குள் அவர் வீட்டுக் கறிக்குழம்பு ஆறிப்போகும். அண்ணியின் திட்டு மட்டும் சூடாக இருக்கும். கூடப் போன எனக்கும் அதில் பாதி.

லைனில் வேலை என்றால், கரண்ட் நிற்பதற்காக ட்ரான்ஸ்பார்மரில் மூன்று பீஸ் கட்டைகளையும் பிடுங்கி ஒரு மஞ்சப் பையில் போட்டுத் தன்னோடு வைத்துக்கொள்வார். அவசரக்காரர் யாராவது சொருகிவிட்டால் மேலே இருப்பவன் கதி அவ்வளவுதான். வேலை முடிந்ததும் லைன் நெடுக நடந்து, ஒவ்வொரு கம்பத்தையும் அண்ணாந்து பார்த்துக் குரல் கொடுப்பார். பிறகு தன் கையாலேயே கட்டையைச் சொருகுவார். அந்தப் பையை வேறு யார் கையிலும் கொடுத்து நான் பார்த்ததில்லை.

2. பெரிய பெண்ணின் கல்யாணம்

அவருடைய பெரிய மகள் ஜெசிந்தாவுக்குக் கல்யாணம். முதல்நாள் அடித்த காற்றில் மேல்சித்தாமூர் ரோட்டில் ஒரு ஊரில் புளியமரம் லைன்மேல் சாய்ந்துவிட்டது. மற்ற ஆட்கள் எல்லாம் வேறு ஊர்களில் மாட்டிக்கொண்டார்கள். லீவில் இருந்த மனிதர், கல்யாணத்தன்று விடியற்காலையில் என்னோடு வந்து நின்றார். கட்டைகளைப் பிடுங்கினார், ஊர்க்காரர்களை வைத்து மரத்தை வெட்டி நகர்த்தினார். ஒயர் இழுத்துக் கட்டும் வேலைதான் பாக்கி. வீட்டிலிருந்து போன்மேல் போன். கல்யாணப் பூசை முடிந்ததும் வந்து சொருகுவதாகச் சொல்லிவிட்டு மஞ்சப் பையோடு கிளம்பினார்.

நான் வேலையை முடித்து இறங்கியபோது ஒரு அம்மா ஓடிவந்தார். அவர் வீட்டுக்காரர் நுரையீரல் நோயாளி, கரண்டில் ஓடும் ஆக்சிஜன் மிஷினில் மூச்சு விடுகிறவர். கரண்ட் நின்றதிலிருந்து சிலிண்டரில் ஓடுகிறதாம், அதுவும் தீரப்போகிறதாம். அண்ணனுக்குப் போன் போட்டேன். கோயிலில் அணைத்துவைத்திருந்தார். பைக்கை எடுத்தேன்.

கோயில் வாசலில் வெள்ளைப் புடவையில் ஜெசிந்தா. பக்கத்தில் பட்டு வேட்டி, மாலையோடு அண்ணன். கையில் அதே மஞ்சப் பை. மாப்பிள்ளை வீட்டார் அதை நகைப் பை என்று நினைத்து இரண்டு பெரிய ஆட்களைக் காவலுக்குப் பக்கத்தில் நிறுத்தியிருந்தார்கள். சேறும் புளிய இலையுமாக நான் அந்தப் பையை நோக்கிப் போனதும் ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். திருடனாவதற்கு வேண்டிய எல்லா லட்சணமும் எனக்கு அன்று இருந்தது.

விஷயத்தைக் கேட்டதும் அண்ணன் மாலையைக் கழற்றப் போனார். உள்ளே பாட்டு ஆரம்பித்துவிட்டது. சாமியார் பீடத்திலிருந்து எங்களையே பார்த்தார்.

ஜெசிந்தாதான் பேசினாள். "நைனா, மாலையைக் கழட்டாத. அவருகிட்ட குடு."

"இவனா? இவன் எல்லாத்துக்கும் சிரிப்பான்மா."

"இன்னிக்கி சிரிக்க மாட்டாரு. குடு நைனா."

அண்ணன் என் முகத்தைப் பார்த்தார். பையை என் கையில் வைத்து, அதன்மேல் தன் கையையும் வைத்து அழுத்தினார். "நடந்து பாத்துட்டுப் போடு" என்றார். அவ்வளவுதான். அதுவரை எனக்குக் கிடைத்த எந்த இன்கிரிமென்ட்டும் அப்படி இனித்ததில்லை.

3. கடைசிக் கம்பம்

ஊர் முழுக்க ட்ரான்ஸ்பார்மர் அடியில் கூடியிருந்தது. நான் பையோடு தெருவுக்குள் நடக்க ஆரம்பித்ததும் அந்த அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"இன்னாத்துக்குய்யா ஊரச் சுத்துற? அங்க அவருக்கு மூச்சு நிக்கப் போவுது. போடுய்யா!"

அவர் சொன்னது நியாயம். மரத்தை எடுத்தாயிற்று, கம்பம் ஏறிய ஒரே ஆள் நான், நானும் கீழே நிற்கிறேன். யாருக்காக நடக்கவேண்டும்? ஆனாலும் கை இன்னும் அந்த அழுத்தத்தை உணர்ந்துகொண்டிருந்தது. ஓடினேன். எனக்கு ஓட்டம் என்றால் மற்றவர்களுக்கு வேகநடை. ஒவ்வொரு கம்பத்தடியிலும் அண்ணாந்து, கரண்ட் விடப்போகிறேன் என்று கத்தினேன். மூச்சு இரைத்ததில் எனக்கே ஒரு ஆக்சிஜன் மிஷின் தேவைப்பட்டது.

தெரு திரும்புகிற இடத்தில், கடைசிக் கம்பத்தின் உச்சியிலிருந்து ஒரு குரல் கேட்டது.

"தோ எறங்கிடுறேன்ணா. எங்கூட்டு ஒயரு லூசா கெடந்துது."

அந்த அம்மாவின் மகன் ஏழுமலை. கட்டிங் பிளேயரும் கையுமாக மேலே. கரண்ட் வந்த உடனே அப்பாவுக்கு மிஷின் ஓடவேண்டும் என்று யாரிடமும் சொல்லாமல் ஏறியிருக்கிறான். அவனை இறக்கி, எனக்கு முன்னால் நடக்கவிட்டு ட்ரான்ஸ்பார்மருக்குக் கூட்டிவந்தேன். மகன் இறங்கி வந்த கதையைக் கேட்டதும் அந்த அம்மா தெருவிலேயே உட்கார்ந்துவிட்டார். கட்டைகளைச் சொருகினேன். அவர்கள் வீட்டு வாசலுக்குப் போனபோது உள்ளேயிருந்து மிஷின் சத்தம் வந்தது.

மத்தியானம் பந்தியில் அண்ணனிடம் சொன்னேன். பரிமாறிக்கொண்டிருந்தவர் வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சிலுவை அடையாளம் வரைந்துகொண்டார். பிறகு, "எம்பொண்ணு கல்யாணத்தன்னிக்கி ஒரு சாவு வுழாம பாத்துக்கினடா" என்றார். என் இலையில் கறியை அள்ளி வைத்தார். தொப்பையைப் பற்றி அன்று ஒரு வார்த்தை பேசவில்லை.

போன மாசம் அண்ணன் காலமானார். அவர் பார்த்த லைனில், அவர் ஓய்வுபெறும்வரை ஒரு உயிர் போனதில்லை. அவரிடம் வேலை கற்றவன் என்று சொல்லிக்கொள்வதில் எனக்குக் கொஞ்சம் திமிர்கூட உண்டு. லைன் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளே, ஊரே கூடிநின்று அவசரப்படுத்தும், பாதி நேரம் அவர்கள் சொல்வதும் நியாயமாகவே இருக்கும். திட்டை வாங்கிக்கொள்ளுங்கள். வாங்கிக்கொண்டே கடைசிக் கம்பம் வரைக்கும் நடங்கள்.