சுடுகிற மூடியில் குந்தியிருந்தேன்

நான் ஒரு மடையன், சபையாரே. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு நீங்களாகக் கண்டுபிடித்துச் சந்தோஷப்படத் தேவையில்லை.

ஓர்ஸ் ஹில்லுக்குக் கீழே, உள்துறைமுகக் கரையில் படகு திருத்துகிற ஒரு சின்ன யாட்டில் நான் வெல்டிங் பாஸ். என்னோடு இரண்டு பேர். ஒருவன் என் மனுசியின் தம்பி சீலன். மற்றவன் கிண்ணியாவிலிருந்து வருகிற நிஸ்தார்.

காலையில் வேலை தொடங்க முன் நான் ஜெபிப்பேன். துறைமுகத்துக் கப்பல்கள், கப்பலில் உள்ளவர்கள், அவர்களுடைய மாமிமார் வரைக்கும் ஜெபத்தில் தாங்கித்தான் ஆமென் சொல்வேன். பத்து நிமிஷம் பிடிக்கும். அந்தப் பத்து நிமிஷத்தை எதில் மிச்சம் பிடித்தேன் தெரியுமா? காற்றுச் சோதனையில். மூடிக்கிடந்த இரும்புத் தொட்டிக்குள் ஆள் இறங்க முதல் புளோவரால் காற்று விடவேண்டும், மீட்டர் வைத்து ஒட்சிசன் இருக்கா என்று பார்க்கவேண்டும். "கர்த்தர் காக்கிற இடத்தில மீட்டருக்கு என்ன வேலை?" என்பேன். மீட்டரும் பழுதாகி அலுமாரிக்குள் கிடந்தது. திருத்தித் தாருங்கள் என்று நான் கேட்டதுமில்லை, மனேஜர் திருத்தினதுமில்லை.

நிஸ்தார் மட்டும் தோளில் ஒரு கயிற்றுச் சுருளோடு திரிவான். "என்னடாப்பா, மாடு வாங்கப் போறியோ?" என்று பகிடி பண்ணுவேன். யாட் முழுக்கச் சிரிக்கும். அவன் சிரிக்கமாட்டான்.

போன வருஷம் மழை தொடங்க முன் ஒரு பார்ஜ் வந்தது. தட்டையான, பழைய இரும்புப் படகு. அதன் அடித்தொட்டி மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்தது. மூடியைத் திறந்தோம். நான் கண்ணை மூடி ஜெபித்தேன். ஆமென் சொல்லிவிட்டு வெல்டிங் பிளாண்டைப் பார்க்கத் திரும்பினேன். அதற்குள் சீலன் இறங்கிவிட்டான். டோர்ச் விழுந்த சத்தம் கேட்டது.

"சீலன்?"

எட்டிப் பார்த்தேன். அடியில் விழுந்து கிடந்தான்.

துருப்பிடிக்கிற இரும்பு உள்ளே இருக்கிற ஒட்சிசனைத் தின்றுவிடும். அது எனக்குத் தெரியாதா? இருபத்தெட்டு வருஷம் வேலை செய்கிறவனுக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தும் இரண்டு காலையும் உள்ளே விட்டேன். "ஆண்டவரே, என்னை இறங்க விடும்" என்று கத்தினேன். கொலரில் ஒரு இழுவை. மல்லாக்க விழுந்தேன். நெஞ்சில் நிஸ்தாரின் முழங்கால்.

"நீங்க இறங்கினா ரெண்டு மையத்து, அண்ணன். எழும்பிக் கயித்தைப் பிடிங்க."

எந்தக் கயிறு? நான் கண்ணை மூடி மாமிமாரைத் தாங்கிக்கொண்டிருந்த நேரத்தில் அவன் சத்தமில்லாமல் சீலனின் இடுப்பில் கயிறு கட்டியிருந்தான். என் பகிடிக்குப் பயந்து சீலன் அதைச் சட்டையால் மறைத்திருந்தான். என் பகிடி ஒரு மனுசனைக் கொல்லப் பார்த்தது, சபையாரே. நான் கேட்க முன்னமே ஆண்டவர் பதிலைக் கட்டி வைத்திருந்தார்.

இழுத்தோம். சீலன் வெளியே வந்தபோது மூச்சில்லை. நிஸ்தார் நெஞ்சை அமத்தி அமத்தி அந்த மூச்சைத் திருப்பி எடுத்தான். அதற்குப் பிறகும் ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் சீலன் கண் திறக்கவில்லை. மனுசி எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தம்பியின் கட்டிலோடு இருந்தா. விறாந்தையில் நின்று என் வாழ்க்கையிலேயே மிகச் சின்ன ஜெபம் செய்தேன். "அவனைத் தாரும். என்ர வாயைக் கட்டும்."

முதல் பாதியைக் கேட்டார். மூன்றாம் நாள் சீலன் கண் திறந்து என்னைப் பார்த்தான். "அத்தான், ஜெபம் முடிஞ்சுதோ?" என்றான். நான் அழுதேன். தாதி என்னை வெளியே போகச் சொன்னா.

அடுத்த கிழமை மனேஜர் அதே தொட்டிக்கு வேறு ஆட்களை இறக்கச் சொன்னார். நான் போய் மூடியின்மேல் குந்திக்கொண்டேன்.

"எழும்புங்க பாஸ். பார்ஜ்காரர் நிக்கிறார்."

"நிக்கட்டும். புது மீட்டர் வரவேணும். வெளியில ஒராள் கயிறு பிடிச்சு நிக்கவேணும். இல்லாட்டி ஒருத்தரும் இறங்க ஏலாது."

"வேலை போயிடும்."

"போகட்டும். நான் இதிலதான் இருப்பன்."

மத்தியான வெயிலில் இரும்பு மூடி தோசைக்கல்லாகச் சுட்டது. உட்காருகிற இடம் வெந்தது. எழும்பவில்லை. கொஞ்ச நேரத்தில் நிஸ்தார் வந்து பக்கத்தில் குந்தினான். பிறகு இறங்க வந்த ஆட்களும் கருவிகளைக் கீழே வைத்துவிட்டு வந்தார்கள். பின்னேரம் மீட்டர் வந்தது.

இப்போது எங்கள் யாட்டில் நேற்று சேர்ந்தவன் "நில்" என்றாலும் வேலை நிற்கும். காரணம் பிறகுதான் கேட்போம். அவனைப் பகிடி பண்ணுகிறவன் எல்லாருக்கும் தேத்தண்ணி ஊற்றவேண்டும். ஊற்றுகிறது பெரும்பாலும் நான்தான், ஜெபத்தின் மற்றப் பாதி இன்னும் கேட்கப்படவில்லை. ஆனால் முந்தி என் பகிடிக்கு மட்டும் சிரித்த யாட், இப்போது என்னைப் பார்த்தும் சிரிக்கிறது. வேலைக்குப் போகவே சந்தோஷமாக இருக்கிறது.

சிலர் கேட்கிறீர்கள், மீட்டரை நம்புகிறாயா, கர்த்தரை நம்புகிறாயா என்று. அந்தக் கேள்வியைக் கண்டுபிடித்ததே நான்தான். அதற்காகச் சாகக் கிடந்தவன் சீலன். எனக்கு விசுவாசம் குறைந்துபோயிற்று என்றால் சொல்லிக்கொள்ளுங்கள், அந்த மூடியிலிருந்து நான் எழும்பப் போவதில்லை. கர்த்தரை முந்தியைவிட இப்போதுதான் நம்புகிறேன். என்னை இறங்க விடும் என்று கேட்டேன். இல்லை என்றார், நிஸ்தாரின் முழங்காலால். நீங்களும் அவரிடம் கேளுங்கள். கேட்டுவிட்டுக் கண்ணைத் திறந்து பக்கத்தில் நிற்கிறவனைப் பாருங்கள். பதில் அவன் கையில் இருக்கலாம்.

போன மாதம் சீலன் திரும்பவும் வேலைக்கு வந்தான். முதல் தொட்டி. புளோவர் ஓடியது, மீட்டர் பார்த்தோம். கயிறு பிடிக்கிற முறை என்னுடையது. முடிச்சை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தேன். அவன் பாதி இறங்கினபோது கேட்டேன், "நான்தான்டா பிடிக்கிறன். என்னை நம்பி இறங்குவியோ? இல்லாட்டி நிஸ்தாரைக் கூப்பிடட்டோ?"

"கதைக்காமல் பிடியுங்கோ, அத்தான்."