ரயில் விழுங்கிய விகுதி

மேப்பு என்ற பட்டம் நம் நாயகனுக்குப் பல்கலைக்கழகம் கொடுத்ததல்ல. பல்கலைக்கழகம் கொடுத்தது கட்டுமானப் பொறியியலில் முதுகலை. அது உறை பிரிக்காமல் அலமாரிக்கு மேல் கிடக்கிறது. மேப்பு என்பது மலை கொடுத்த பட்டம். வெளிநாட்டுக்குப் படிக்க வந்த முதல் வருடம், நம் ஆட்கள் பன்னிரண்டு பேர் ஒரு சனிக்கிழமை மலையேறப் போனபோது எல்லோர் போனிலும் சிக்னல் போய்விட்டது. பாதை இரண்டாகப் பிரிந்த இடத்தில் இவன் ஒருவன்தான் துளியும் தயங்காமல், "இந்தப் பக்கம்" என்றான். ஒன்றரை மணி நேரம் மூச்சு வாங்க நடந்து அவர்கள் போய்ச் சேர்ந்தது ஒரு கார் நிறுத்துமிடம். காலையில் புறப்பட்ட அதே கார் நிறுத்துமிடம். அன்றிலிருந்து அவன் மேப்பு. ஒவ்வொரு மாதமும் மலையேற்றத்துக்கு அவன்தான் தலைவன். தலைவரைத் தேர்ந்தெடுக்கும் விஷயத்தில் நம் ஆட்கள் எந்த நாட்டுக்குப் போனாலும் மாறுவதில்லை.

ஊரில் ஒரு இன்ஜினியர் ஆபீசில் ஏழு வருடம் வீட்டு பிளான் வரைந்தவன். வரைவது இவன், கையெழுத்துப் போடுவது இன்ஜினியர். நாமும் ஒருநாள் கையெழுத்துப் போட வேண்டும் என்று முப்பது வயதில் மூட்டை கட்டினான். இப்போது சூப்பர் மார்க்கெட்டின் குளிர் அறையில் பால் அடுக்குகிறான். பழைய தேதி முன்னால், புதிய தேதி பின்னால். ஒவ்வொரு ஷிப்ட் முடிவிலும் ஒரு தாளில் கையெழுத்துப் போடுகிறான். ஆக, லட்சியம் நிறைவேறிவிட்டது. பாரம் எப்படிக் கீழே இறங்குகிறது என்று இரண்டு வருடம் படித்ததும் வீண் போகவில்லை. அவன் அடுக்கிய பால் இதுவரை சரிந்ததில்லை.

சிக்கல் என்னவென்றால், மேப்புவின் தேதியும் முன்வரிசைக்கு வந்துவிட்டது. படிப்பு முடித்தவர்களுக்குக் கொடுக்கும் ஒரு வருட அனுமதி, வரும் வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. அவன் படித்த துறையில் ஒரு கம்பெனி வேலைக் கடிதம் கொடுத்தால் நீளும். இல்லாவிட்டால் விமானம்தான். இருநூற்றுச் சொச்சம் கம்பெனிகளுக்கு எழுதிப் பார்த்தான். 'வருந்துகிறோம்' என்று பதில் போட்டவர்கள் நல்லவர்கள். மற்றவர்கள் வருந்தக்கூட இல்லை.

மிச்சம் இருந்தது அண்ணன் ஒருவர்தான். கூடப் பிறந்தவர் அல்ல. பத்து வருடத்துக்கு முன் இதே படிப்பைப் படித்துவிட்டு, பாலம் கட்டும் கம்பெனி ஒன்றில் உட்கார்ந்துவிட்டதால் எல்லோருக்கும் அண்ணன். மூன்று வாரத்துக்கு முன் மேப்பு ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் நின்றுகொண்டு அவருக்குப் போன் போட்டு, ஒரே மூச்சில் விஷயத்தைக் கொட்டினான். அண்ணன் கொஞ்சம் யோசித்துவிட்டு, "பாக்க..." என்றார். அந்த நேரம் பார்த்து நிற்காத ரயில் ஒன்று காதைக் கிழித்துக்கொண்டு போனது. போய் முடிந்தபோது லைனில் அண்ணன் இல்லை.

இந்தத் துயரத்தின் ஆழம் தமிழ் தெரியாதவர்களுக்குப் பிடிபடாது. "பாக்கறேன்" என்றால் ஓர் ஆள் தலையைக் கொடுக்கிறார் என்று பொருள். "பாக்கலாம்" என்றால் கிடையாது. "பாப்போம்" என்றால் கிடையாது, பழி கடவுள் மேல். "பாத்துக்கலாம்" என்றால் கிடையாது, ஆனால் தோளில் ஒரு தட்டு உண்டு. "பாக்கலாம் பாக்கலாம்" என்றால் கிடையாது, போனை வை. மேப்புவின் அப்பா அவனுடைய சைக்கிள் விஷயத்தில் ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை "பாக்கலாம்" சொன்னவர். ஆகவே இந்த இலக்கணத்தில் அவனுக்குக் குடும்பப் பயிற்சியே உண்டு.

அவன் தங்கியிருந்தது ஒரு சலவைக்கடையின் மாடியில். கீழே இயந்திரங்கள் வேகமாகச் சுற்றும்போது மேலே கட்டில் சுவரை விட்டு அங்குலம் அங்குலமாக நகரும். தினமும் காலையில் அதைத் திரும்பத் தள்ளி வைப்பதுதான் அவனுடைய உடற்பயிற்சி. பக்கத்துக் கட்டிலில் இருந்தவனுக்கு 'அஞ்சு நிமிஷம்' என்று பெயர். எப்போது எழுப்பினாலும் அவன் சொல்வது அதைத்தான்.

"'றே' காதுல விழுந்துச்சுடா. நல்லா விழுந்துச்சு" என்றான் மேப்பு.

"உன் காதுல விழுந்தது ரயிலு" என்றான் அஞ்சு நிமிஷம், போர்வைக்குள்ளிருந்து. "மறுபடி போன் போட்டுக் கேட்டுத் தொலையேன்."

"கேட்டு, 'பாக்கலாம்'னு சொல்லிட்டாருன்னா?"

போர்வை தலைக்கு மேல் ஏறியது. மேப்பு அம்மாவுக்குப் போன் போட்டு, "பாக்கறேன்னு சொல்லியிருக்கார்மா" என்றான். சாயங்காலத்துக்குள் அது மாமா வீடுவரை போய், 'வேலை கிடைத்துவிட்டது' என்று திரும்பி வந்தது.

அப்புறம்தான் அதிசயம் நடந்தது. மலையேற்றம் என்றாலே முழங்காலைக் காட்டி ஒதுங்கும் அண்ணன், "இந்த சனிக்கிழமை நானும் வர்றேன் தம்பி, உங்கிட்ட ஒரு விஷயம் பேசணும்" என்று தானாகவே செய்தி அனுப்பினார். மேப்பு அதைப் பதினொரு தடவை படித்தான். கிடையாது என்று சொல்ல யாராவது மலை ஏறுவார்களா?

வாட்ஸ்அப்பில் பத்தொன்பது பேர் கட்டைவிரலைத் தூக்கியிருந்தார்கள். சனிக்கிழமை காலை பஸ் நிறுத்தத்துக்கு வந்தது நான்கு பேர்: மேப்பு, அண்ணன், அண்ணி, பஸ் கிளம்பும் நேரத்தில் ஒரு ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவந்த அஞ்சு நிமிஷம். இறங்கியதும் மேப்பு அண்ணனின் பையைப் பறித்து மாட்டிக்கொண்டான்.

"ஐயோ, எதுக்கு தம்பி?"

"இருக்கட்டும்ணே. உங்களுக்கு முழங்கால்."

பையில் சாப்பாட்டு டப்பா, மூன்று தண்ணீர் பாட்டில், ஒரு குடை. பாரம் எப்படி இறங்குகிறது என்பது மேப்புவின் தோளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. இருந்தாலும் அவன் ஓடினான்.

வழியெல்லாம் அண்ணிதான் பேசினார். "அடுத்த வாரம் நான் ஊருக்குப் போறேன் தம்பி. என் தம்பிக்குக் கல்யாணம். பத்து நாள் போதும்னேன். இவர் என்னடான்னா, மூணு மாசம் நிதானமா இருந்துட்டு வான்னு சொல்றார். இப்படி ஒரு மனுஷன் எங்க கிடைப்பார்?"

"எங்கயும் கிடைக்க மாட்டார் அண்ணி" என்றான் மேப்பு மனப்பூர்வமாக. முன்னால் போன அண்ணன் திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

உச்சியில் ஏரி தெரியும், பாலம் தெரியும் என்று மேப்பு சொல்லியிருந்தான். போய்ச் சேர்ந்தபோது பனி மூட்டம். நான்கு பக்கமும் சுண்ணாம்பு அடித்ததுபோல் இருந்தது. அண்ணி எல்லோரையும் நிறுத்திப் படம் எடுத்தார்.

"விசா போட்டோவுக்குப் போடுற மாதிரியே இருக்குடா பேக்ரவுண்டு. உன்னோடதை மட்டும் வெட்டி எடுத்துக்கோ" என்றான் அஞ்சு நிமிஷம். மேப்புவைத் தவிர எல்லோரும் சிரித்தார்கள்.

அண்ணியும் அஞ்சு நிமிஷமும் டப்பாவைத் திறந்தபோது அண்ணன் கண்ணைக் காட்டினார். இருவரும் கொஞ்சம் தள்ளி ஒரு பாறையில் உட்கார்ந்தார்கள்.

"அண்ணே, அன்னைக்குப் போன்ல..."

"அதைப் பத்திதான் தம்பி." அண்ணன் குரலைத் தாழ்த்தினார். "நீ போன் போட்டதுக்கு முந்தின நாள்தான் என்னை ஆபீஸ்ல வேலையை விட்டு அனுப்பிட்டாங்க. பிராஜெக்ட் நின்னுபோச்சாம். எங்க டீமே காலி."

மேப்பு பனியைப் பார்த்தான். பனி அவனைப் பார்த்தது.

"அண்ணிக்குத் தெரியுமா?"

"தெரியாது. தினமும் காலையில சட்டையை மாட்டிக்கிட்டுப் போய் லைப்ரரில உக்காந்துட்டு வர்றேன். அவளை ஊருக்கு ஏத்திவிட்டுட்டா வீட்டைக் காலி பண்ணிடுவேன்." அண்ணன் முழங்காலைத் தடவினார். "நீ வெள்ளிக்கிழமை போறல்ல? அந்தக் கட்டிலு... எனக்குக் கிடைக்குமா தம்பி? ஹவுஸ் ஓனர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லி வெச்சின்னா..."

மேப்பு மூன்று வாரமாக ஒரு விகுதிக்காகத் தவம் இருந்தவன். அந்த விகுதி எதுவாக இருந்தாலும் சொல்லக்கூடிய நிலையில் அண்ணன் அன்றைக்கே இல்லை என்பது இப்போது விளங்கியது. இதைவிட வேடிக்கை, தான் ஊருக்குப் போவது அண்ணன் வாயில் முடிந்துபோன காரியமாக இருந்தது. அவனே அதை இன்னும் முடிக்கவில்லை.

"அந்தக் கட்டில் நகரும்ணே. கீழ மெஷின் ஓடுனா."

"நகரட்டும் தம்பி. படுக்க இடம் இருந்தா போதும்."

மேப்பு எழுந்து அண்ணனின் பையை மறுபடி தோளில் மாட்டிக்கொண்டான். ஏதோ ஒன்று சொன்னான். அப்போது பள்ளத்திலிருந்து காற்று ஒன்று கிளம்பி, பாறையை உரசிக்கொண்டு போனது.

அண்ணன் காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டு, இரண்டெட்டு கிட்ட வந்தார்.

"காத்துல சரியா விழல தம்பி. பாக்கறேன்னா சொன்ன?"

மேப்பு அந்த முகத்தைப் பார்த்தான். மூன்று வாரமாகச் சலவைக்கடை மாடிக் கண்ணாடியில் பார்த்த முகம்தான்.

"வாங்கண்ணே, பஸ் போயிடும்" என்றான்.

இறங்கும் வழியில் பாதை இரண்டாகப் பிரிந்தது. மூன்று பேரும் நின்று மேப்புவைப் பார்த்தார்கள். முதல்முறையாக அவன் எந்தப் பக்கமும் கை காட்டவில்லை.