கோணிப்பைக்குள் உடும்பு

இன்று ஆர்.கே.பேட்டையிலிருந்து திருத்தணிக்குப் பஸ்ஸில் வந்தேன். காக்கி உடையில் ஒருவர் ஏறியதும், இந்த வயதிலும் என் பார்வை காலடிக்குப் போனது.

எழுபதுகளின் கடைசியில் இதே வழியில் அக்கா புருஷனோடு வந்துகொண்டிருந்தேன்; பாவா என்றுதான் அவரைக் கூப்பிடுவேன். தறியில் உட்கார்ந்து உட்கார்ந்து எனக்கு இடுப்பு போயிருந்தது. உடும்புக் கறி தின்றால் சரியாகும் என்று பாவா ஒன்றை உயிரோடு பிடித்து, கோணிப்பையில் போட்டுக் கட்டி, என் காலடியில் வைத்திருந்தார்.

உடும்பு பிடித்தால் ஜெயில் என்று சட்டம் வந்திருப்பதை டீக்கடையில் யாரோ பேப்பரில் படிக்கக் கேட்டிருந்தேன்.

"பாவா, பயமா கீது."

"சும்மா வாடா. நூலுன்னு நெனச்சிக்குவாங்க."

பாதி வழியில் வனக்காவலர் ஒருவர் ஏறி எங்கள் பக்கத்திலேயே நின்றார். பை அசைந்தது. காலால் அழுத்தினேன். அது மூச்சு விடுவது என் பாதத்துக்குத் தெரிந்தது.

"இன்னாங்க அதுல?"

"நூலு," என்றார் பாவா.

அதே நேரத்தில் நான், "உடும்புங்க," என்றேன்.

வனக்காவலர் பஸ்ஸை நிறுத்தச் சொல்லி எங்களை இறக்கினார். பேர், ஊர் எழுதிக்கொண்டார். பை முடிச்சையும் அவரே அவிழ்த்தார்.

உடும்பு அசையவே இல்லை. என் மிதியில் செத்துவிட்டதோ என்று குனிந்து பார்த்தேன். திடீரென்று சரசரவெனப் புதருக்குள் ஓடியது.

"இன்னொரு வாட்டி பாத்தேன், கேஸ் போட்டுடுவேன்."

மீதி வழியை நடந்தே கடந்தோம். பாவா பொங்கல் வரை என்னோடு பேசவில்லை. அக்காவும்தான்.

அன்றைக்கு என்மேல் கோபப்படாதது அந்த உடும்பு மட்டும்தான் என்று நினைக்கிறேன். நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?